சொன்ன மாதிரியே எழுது: ஆந்த்ரேயா கமில்லேரியின் கதை

1960களின் பின்பாதி. அப்பா மருத்துவமனையில் சாகக் கிடக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, தொலைக்காட்சியில் வேலை. பொழுதைக் கழிக்க, தன் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கதையை அப்பாவிடம் சொல்கிறார். கேட்டு முடித்த அப்பா, இதை ஏன் எழுதாமல் வைத்திருக்கிறாய் என்கிறார். இத்தாலிய மொழியில் எழுத வரவில்லை என்று மகன் ஒப்புக்கொள்கிறார். அப்படி எழுதச் சொன்னது யார், என்னிடம் சொன்ன மாதிரியே எழுது என்று அப்பா வாக்கு வாங்கிக்கொள்கிறார்.

ஆந்த்ரேயா கமில்லேரி பிற்காலத்தில் பலமுறை சொன்ன சம்பவம் இது. நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது ஓரங்களைக் கொஞ்சம் செதுக்கியிருப்பார் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனாலும் அதற்குப் பின் நடந்ததெல்லாம் இந்தச் சம்பவத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. இத்தாலியின் மிகப் பிரபலமான துப்பறியும் நாவலாசிரியர் எழுபது வயது நெருங்கும்வரை யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அவருடைய மொழி. பிறகு ஒரு நாடே அவரைத் தூக்கிக் கொண்டாடியதற்குக் காரணமும் அதே மொழிதான்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கின்படி 1967-68ல் அவர் எழுதிய முதல் நாவல் ‘நடப்பவற்றின் போக்கு’. இத்தாலியின் தெற்கில் இருக்கும் சிசிலித் தீவின் பேச்சு கலந்த இத்தாலியம். பதிப்பகம் பதிப்பகமாகப் போய்த் திரும்பி வந்தது. பத்து வருடம். கடைசியில் அந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். அப்போது, எழுத்தாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுக்கொடுக்கும் ஒரு சிறு பதிப்பகம் முன்வந்தது. தொடரின் பெயர்ப் பட்டியலில் எங்கள் பதிப்பகத்தின் பெயரைப் போட்டால் இலவசமாகவே அச்சிடுகிறோம் என்றது. 1978ல் நாவல் வந்தது. கடைகளுக்குப் போனதாகவே தெரியவில்லை. அப்போது அவருக்கு வயது 52.

இரண்டாவது நாவல் ‘ஒரு கீற்றுப் புகை’ 1980ல் கார்ஸாந்தி என்ற பெரிய பதிப்பகத்தில் வந்தது. சிசிலிச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் அகராதி ஒன்றைப் பின்னிணைப்பாகப் போடச் சொன்னார்கள், போட்டார். அதுவும் பெரிதாகப் போகவில்லை. அடுத்த நாவலுக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

சரி, அந்த மொழி எங்கிருந்து வந்தது?

கமில்லேரி 1925 செப்டம்பர் 6ஆம் தேதி சிசிலியின் தெற்குக் கரையில் போர்ட்டோ எம்பெதோக்லே என்ற துறைமுக ஊரில் பிறந்தார். மலைமேல் இருக்கும் அக்ரிஜென்தோ நகரத்துக்கு இதுதான் கடல்வாசல். உள்நாட்டுச் சுரங்கங்களில் வெட்டிய கந்தகம் இங்கிருந்துதான் கப்பலேறும். அப்பா துறைமுகப் பணிகளை மேற்பார்வையிடுபவர். வீட்டுக்கு இவர் ஒரே பிள்ளை. படிப்பு, அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் இத்தாலியத்தில். திட்டு, கொஞ்சல், வம்பு எல்லாம் சிசிலியனில். ஒரே வாக்கியத்திலேயே இரண்டும் கலந்து வரும்.

இந்த வட்டாரத்துக்கு ஏற்கெனவே ஒரு பெரிய எழுத்தாளர் இருந்தார். நோபல் பரிசு பெற்ற நாடகாசிரியர் லூயிஜி பிராந்தெல்லோ. கமில்லேரி குடும்பத்துக்குத் தூரத்து உறவும்கூட. ஒருநாள் மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுச் சிறுவன் திறக்கிறான். வாளும் தொப்பியும் சரிகையுமாகத் தளபதி வேடத்தில் ஒரு கிழவர் நிற்கிறார், பாட்டியைக் கூப்பிடு என்கிறார். பையன் அலறிக்கொண்டு உள்ளே ஓடுகிறான். வந்தவர் பிராந்தெல்லோ, உடுத்தியிருந்தது இத்தாலிய அகாதமியின் சீருடை. அந்தப் பயம் பின்னாளில் பக்தியாகிவிட்டது. ஒரு பொருளின் கருத்தைச் சொல்வது பொதுமொழி, அதே பொருளின் உணர்ச்சியைச் சொல்வது வட்டார மொழி என்று பிராந்தெல்லோ எழுதியதை கமில்லேரி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பையன் சாது இல்லை. பாதிரிமார் நடத்திய விடுதிப் பள்ளி பிடிக்கவில்லை. துரத்தப்பட வேண்டும் என்றே சிலுவையின்மேல் முட்டை எறிந்தான், துரத்தப்பட்டான். 1943ல் பள்ளி இறுதித் தேர்வே நடக்கவில்லை. நேசப்படைகள் எந்த நேரமும் கரையிறங்கலாம் என்ற நிலையில், வருட மதிப்பெண்ணை வைத்தே எல்லோரையும் தேற்றிவிட்டார்கள். ஜூலை 10ஆம் தேதி படைகள் இறங்கின. பலெர்மோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கச் சேர்ந்து பட்டம் வாங்காமலே விட்டார். கவிதைகள் எழுதினார், பத்திரிகைகளில் வந்தன. கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

1949ல் ரோமின் நாடக அகாதமியில் இயக்குநர் பயிற்சிக்கு அந்த ஆண்டு தேர்வான ஒரே மாணவர் அவர்தான். அங்கேயும் படிப்பை முடிக்கவில்லை. ஆனால் நாடகம் ஒட்டிக்கொண்டது. அடுத்த நாற்பது வருடம் அவருடைய தொழில் அதுதான். 1958ல் பெக்கெட்டின் ‘ஆட்டத்தின் முடிவு’ நாடகத்தை ரோமில் மேடையேற்றினார். இத்தாலியில் அந்த நாடகத்தை முதலில் போட்டவர் அவர். திரைப்படப் பள்ளியில் பாடம் எடுத்தார். பிறகு, தான் படிப்பை முடிக்காத அதே நாடக அகாதமியில் இருபது வருடம் இயக்கம் கற்பித்தார். அந்த வகுப்புகளில் லூக்கா சிங்கரேத்தி என்று ஒரு மாணவர் இருந்தார். அவருடைய பெயர் கொஞ்சம் கழித்து வரும்.

துப்பறியும் கதைக்கு அவர் வந்து சேர்ந்தது தொலைக்காட்சி வழியாக. அரசு ஒளிபரப்பு நிறுவனமான ராய் 1954ல் ஆள் எடுத்தபோது தேர்வில் தேறினார், கம்யூனிஸ்ட் என்பதால் வேலை கிடைக்கவில்லை. சில வருடம் கழித்துத்தான் உள்ளே போக முடிந்தது. 1964 முதல் 1972 வரை அங்கே ஒளிபரப்பான ‘இன்ஸ்பெக்டர் மெக்ரேயின் விசாரணைகள்’ தொடருக்கு அவர் தயாரிப்பாளர். மூலம் பெல்ஜிய எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோனின் நாவல்கள். மெக்ரேயாக நடித்தவர் ஜீனோ செர்வி. நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்த தொடர்.

தொடருக்குத் திரைக்கதை எழுதியவர் தியேகோ ஃபாப்ரி. அவர் சிமெனோன் புத்தகங்களின் பக்கங்களைப் பிரித்தெடுப்பார். எந்தத் தகவல் எங்கே வருகிறது, எது எதற்குப் பிறகு தெரிய வேண்டும் என்று அடுக்கிப் பார்ப்பார். பிறகு தொலைக்காட்சிக்குத் தகுந்தபடி வேறு வரிசையில் கோப்பார். கமில்லேரி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கடிகாரத்தை அக்கக்காகப் பிரித்துத் திரும்ப ஓடவைப்பதை வருடக்கணக்கில் பார்த்தவனுக்குக் கடிகாரம் செய்வது எப்படி என்று தனியாகச் சொல்லித்தர வேண்டுமா? துப்பறியும் கதையின் இயந்திரத்தைத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஃபாப்ரி என்று கமில்லேரி எப்போதும் நன்றியோடு சொன்னார். ‘தாமதமாக வந்த எழுத்தாளர்’ என்று அவரைப் பற்றி எல்லோரும் எழுதுவது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. வசனம் மேடையில், கதைக்கட்டு தொலைக்காட்சியில், மொழி வீட்டில் என்று மூன்றும் ஐம்பது வயதுக்கு முன்பே அவர் கையில் இருந்தன. மூன்றையும் சேர்த்துத் தைக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஆளாக வந்தவர் எல்விரா செல்லேரியோ. பலெர்மோவில் கணவர் என்ஸோவோடு 1969ல் சிறிய பதிப்பகம் ஒன்றைத் தொடங்கியவர். அந்தப் பதிப்பகத்தின் மூளையாக இருந்தவர் எழுத்தாளர் லியோனார்தோ ஷாஷா. மாஃபியாவைப் பற்றி 1961லேயே துணிந்து நாவல் எழுதியவர் அவர். 1848 ஜனவரியில் போர்ட்டோ எம்பெதோக்லே துறைமுகக் கோட்டைச் சிறையில் 114 கைதிகள் கொல்லப்பட்டு, வரலாற்றில் ஒரு வரிகூட இல்லாமல் மறைந்துபோன சம்பவத்தின் காகிதங்களை கமில்லேரி சேர்த்து வைத்திருந்தார். ஷாஷா எழுதட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தார். நீங்களே எழுதுங்கள் என்று சொல்லி ஷாஷா அவரை எல்விராவிடம் அழைத்துப் போனார். 1984ல் ‘மறக்கப்பட்ட படுகொலை’ வந்தது. வட்டாரச் சொற்கள் மட்டும் ஷாஷாவுக்கு உறுத்தின. இத்தனை சிசிலியன் போட்டால் வெளியே யார் படிப்பார்கள் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். தவறாகிப்போனது வேறு விஷயம்.

1992ல் ஓய்வுபெறும் வயதெல்லாம் தாண்டிய பிறகு ‘வேட்டைக்காலம்’ நாவலோடு கமில்லேரி திரும்பி வந்தார். அடுத்து ‘பிரெஸ்டனின் பீர் வடிப்பவர்’. 1870களின் நாடாளுமன்ற விசாரணை ஆவணத்தில் கண்ட ஒரு கூத்துதான் கரு. புதிய நாடக அரங்கின் திறப்புவிழாவில் யாருக்கும் பிடிக்காத ஓப்பரா ஒன்றை, ஃபிளாரென்ஸிலிருந்து வந்த அரசு அதிகாரி ஊர்மேல் திணிக்கிறார். கதை கிடைத்தது, வரிசை கிடைக்கவில்லை. கமில்லேரி எப்போதும் மனதில் பட்ட காட்சியில் தொடங்குவார், அது முதல் அத்தியாயமாக அமையவே அமையாது. ஸ்பெயின் எழுத்தாளர் மனுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பானின் ‘பியானோக் கலைஞர்’ நாவலைப் படித்தபோது வழி தெரிந்தது. காலவரிசையைக் கலைத்து அடுக்கலாம்.

அந்த நாவல் உருவாகிக்கொண்டிருந்தபோதே அவருக்குள் ஒரு கேள்வி எழுந்தது. முதல் அத்தியாயத்தில் தொடங்கிக் கடைசி அத்தியாயத்தில் முடியும் ஒரு நாவலைத் தன்னால் நேராக எழுதவே முடியாதா? துப்பறியும் கதை என்பது எழுத்தாளன் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளக் கிடைத்த நல்ல கூண்டு என்ற பொருளில் ஷாஷா சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கே காரணம், காலம், இடம் எதிலும் ஏமாற்ற முடியாது. சரி, கூண்டுக்குள் போய்ப் பார்ப்போம் என்று எழுதியதுதான் ‘நீரின் வடிவம்’. 1994ல் வந்தது. வழிகாட்டிய ஸ்பெயின்காரருக்கு நன்றியாக நாயகனுக்கு அவர் பெயரையே வைத்தார். சிசிலியில் சாதாரணமாகப் புழங்கும் குடும்பப் பெயரும் அதுவே. இப்படித்தான் பிறந்தார் இன்ஸ்பெக்டர் சால்வோ மொந்தல்பானோ.

இத்தாலியில் துப்பறியும் கதைக்கு ‘ஜாலோ’ என்று பெயர், அதாவது மஞ்சள். மொந்ததோரி பதிப்பகம் 1929ல் தொடங்கிய வரிசையின் அட்டை நிறம் அது. பல காலம் அந்த மஞ்சள் அட்டைக்குள் பெரும்பாலும் லண்டனும் நியூயார்க்கும்தான் இருந்தன. பாசிச அரசுக்கு இத்தாலிய மண்ணில் கொலை நடப்பதே பிடிக்கவில்லை, புத்தகத்தில்கூட. போருக்கு நடுவில் அந்த வரிசையையே நிறுத்தவைத்தார்கள். போருக்குப் பின் ஷாஷாவும் வேறு சிலரும் பாதை போட்டார்கள். ஆனால் ஷாஷாவின் விசாரணைகள் தோல்வியில் முடிபவை. உண்மை தெரியும், தண்டனை கிடைக்காது. கமில்லேரி அந்தக் கசப்பை எடுத்துக்கொண்டு, சமையல்வாசனையையும் சிரிப்பையும் மேலே தூவினார். மொந்தல்பானோ உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு சட்டப்படி எவ்வளவு சொல்வது, எதை மறைப்பது என்று தானே முடிவுசெய்வார்.

முதல் நாவலின் தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது. தண்ணீருக்கு எது வடிவம்? ஊற்றிய பாத்திரத்தின் வடிவம். ஊரோரத்தில் விபச்சாரம் நடக்கும் பொட்டலில், பெரிய அரசியல்வாதி ஒருவர் காருக்குள் செத்துக் கிடக்கிறார். மாரடைப்பு, இயற்கை மரணம். ஆனால் அந்தச் சாவை எந்தப் பாத்திரத்தில் ஊற்றினார்கள் என்பதுதான் கதை. கொலையாளி யார் என்பதைவிட, இந்தக் காட்சியை ஜோடித்தது யார் என்பதில்தான் கமில்லேரிக்கு எப்போதும் ஆர்வம். நாற்பது வருடம் மேடையில் பொருள்களை அடுக்கியவருக்குச் சடலம் கிடக்கும் இடமும் ஓர் அரங்கம்தானே.

ஒரு நாவலோடு முடித்திருப்பார். பாத்திரம் பாதியில் நிற்பதுபோல் உறுத்தியதால் 1996ல் ‘சுடுமண் நாய்’ எழுதினார். குகைக்குள் தழுவியபடி கிடக்கும் இரண்டு எலும்புக்கூடுகள், காவலுக்கு மண் நாய். என் கணக்கில் அவருடைய ஆகச்சிறந்த துப்பறியும் நாவல் இதுதான். இதோடு கடையை மூடிவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் வாசகர்கள் வாய்வழியாகப் பேச்சுப் பரவி, 1998 வாக்கில் விற்பனைப் பட்டியலில் ஒரே நேரத்தில் அவருடைய பல புத்தகங்கள் உட்கார்ந்துவிட்டன. செல்லேரியோவின் கையடக்கமான கருநீல அட்டைகள் ரயிலிலும் கடற்கரையிலும் தெரிய ஆரம்பித்தன. பின்னிணைப்பு அகராதி இல்லாமல்தான்.

அந்த மொழியை விமர்சகர்கள் ‘விகாத்தா மொழி’ என்றார்கள். விகாத்தா என்பது போர்ட்டோ எம்பெதோக்லேயின் சாயலில் அவர் கட்டிய கற்பனை ஊர். அது சுத்தச் சிசிலியன் இல்லை. இத்தாலிய வாக்கியத்துக்குள் சிசிலிச் சொற்களும், அவற்றுக்கு இத்தாலிய விகுதி போட்ட சொற்களும், அவருடைய வீட்டில் மட்டும் புழங்கிய சொற்களும் கலந்த ஒன்று. ‘ஸ்பியாரே’ என்றால் இத்தாலியத்தில் வேவு பார்ப்பது, விகாத்தாவில் சும்மா கேட்பது. பார்ப்பதற்கு ‘தாலியாரே’. மிலான் வாசகருக்கு முதல் இருபது பக்கம் தடுக்கும். பிறகு பழகிவிடும், ஐம்பதாவது பக்கத்தில் அவரே விகாத்தாக்காரர். ஒவ்வொருவரும் யாரிடம் எந்த மொழி பேசுகிறார் என்பதிலேயே குணமும் தெரிந்துவிடும். மேலதிகாரியிடம் மொந்தல்பானோ விறைப்பான இத்தாலியம் பேசுவார், வேண்டுமென்றே. மீன்காரனிடம் சிசிலியன். காவல்நிலையத் தொலைபேசியில் உட்கார்ந்திருக்கும் கத்தரெல்லா, தெரியாத அரசாங்க இத்தாலியத்தைப் பேசப் பார்த்து எல்லாப் பெயரையும் குதறிவைப்பார். தொலைபேசியை எடுத்ததும் இன்ஸ்பெக்டர் சொல்லும் ‘மொந்தல்பானோ சோனோ’ என்பதில் வினை கடைசியில் வருகிறது. பொதுமொழியில் வினைதான் முன்னால் வரும். வினையைக் கடைசியில் வைத்தே பேசும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும், இத்தாலியருக்கு அந்த இரண்டு சொல்லிலேயே தீவு கேட்டுவிடும்.

மொழிபெயர்ப்பாளர்கள் பாடுதான் திண்டாட்டம். ஆங்கிலத்தில் ஸ்டீபன் சார்த்தரெல்லி கத்தரெல்லாவுக்கு நியூயார்க்கின் புரூக்ளின் பேச்சைக் கொடுத்தார். பிரெஞ்சில் செர்ஜ் குவாத்ருப்பானி தென் பிரான்சின் பேச்சைத் துணைக்கு அழைத்தார். இரண்டிலும் கதை நிற்கிறது, பாதி வாசனை போய்விடுகிறது.

1999 மே மாதம் ராய் தொலைக்காட்சி மொந்தல்பானோவை ஒளிபரப்பத் தொடங்கியது. நாயகனாக நடித்தவர்தான் அந்தப் பழைய மாணவர் சிங்கரேத்தி. இயக்கியவர் அல்பெர்த்தோ சிரோனி. 2021 வரை 37 படங்கள். நாவலின் மொந்தல்பானோவுக்குத் தலை நிறைய முடி, சிங்கரேத்திக்கு மொட்டை. இன்று உலகத்தின் மனதில் இருப்பது மொட்டைதான். படப்பிடிப்பும் அக்ரிஜென்தோ பக்கத்தில் நடக்கவில்லை. தீவின் தென்கிழக்கில் ரகூசா, ஷிக்லி, பூந்தா செக்கா பக்கம் நடந்தது. சுற்றுலாப் பயணிகள் அங்கே போய்க் குவிந்தார்கள். பிறந்த ஊருக்கு ஆதங்கம். 2003ல் போர்ட்டோ எம்பெதோக்லே தன் பெயரோடு ‘விகாத்தா’வை அதிகாரபூர்வமாகவே ஒட்டிக்கொண்டது, 2009ல் எடுத்துவிட்டது.

மாஃபியாவை அவர் கையாண்ட விதத்தில் சிலருக்கு மனக்குறை உண்டு. விகாத்தாவில் குஃபாரோ, சினாக்ரா என்று இரண்டு குடும்பங்கள் உண்டு, ஆனால் பின்னணியில்தான். மாஃபியாக்காரனை நாவலின் நடுவில் உட்காரவைத்தால், எவ்வளவு திட்டி எழுதினாலும் அவன் நாயகனாகிவிடுவான் என்பது கமில்லேரியின் பதில். மாஃபியாவைப் பற்றி எழுத நினைத்தபோது கட்டுரையாகவே எழுதினார். நாற்பது வருடத்துக்கும் மேல் தலைமறைவாக இருந்து 2006 ஏப்ரலில் பிடிபட்ட தலைவன் பெர்னார்தோ புரொவென்ஸானோ, தட்டச்சில் துண்டுச்சீட்டு எழுதியே ஆட்சி நடத்தியவன். அந்தச் சீட்டுகளின் சொற்களை எடுத்து அகராதி வடிவில் 2007ல் ஒரு புத்தகம் போட்டார். அங்கேயும் பாருங்கள், மொழிதான்.

அரசியலை மட்டும் பின்னணியில் வைக்கவில்லை. 2001 ஜூலையில் ஜெனோவாவில் வல்லரசுத் தலைவர்கள் கூடிய ஜி8 மாநாட்டின்போது, போராட்டக்காரர்கள் தங்கியிருந்த தியாஸ் பள்ளிக்குள் போலீஸ் இரவில் புகுந்து அடித்தது. பெட்ரோல் குண்டுகளைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கண்டெடுத்ததாகச் சொன்னது. 2003ல் வந்த நாவலில் மொந்தல்பானோ இந்த அவமானம் தாங்காமல் வேலையை விடப் போகிறார். பிறகு கடலில் நீந்தும்போது ஒரு பிணத்தின்மேல் இடித்துக்கொள்கிறார்.

மொத்தம் நூறு புத்தகங்களுக்கு மேல். அதில் மொந்தல்பானோ நாவல்கள் 28. ஒவ்வொன்றும் 18 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 10 பக்கம் என்று அவரே கணக்கு சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கு பிற்கால நாவல்கள் சிலவற்றில் துருத்திக்கொண்டு தெரிகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஜெனோவாவில் இருக்கும் காதலி லிவியா, தொலைபேசியில் சண்டைபோடுவதற்கென்றே வைத்த பாத்திரமாகிவிட்டார். சரித்திர நாவல்களில்தான் கமில்லேரி முழு ஆள் என்று சொல்லும் வாசகர்கள் உண்டு. 1998ல் வந்த ‘தொலைபேசி இணைப்பு’ம் அந்தப் பீர் நாவலும் கையில் இருக்கும்போது அவர்களோடு வாதிட எனக்கும் தெம்பில்லை.

கண் அழுத்த நோயால் கடைசி வருடங்களில் பார்வை போயிற்று. எழுதுவதை நிறுத்தவில்லை, சொல்லச் சொல்ல உதவியாளர் தட்டச்சு செய்தார். அதற்கு அந்த உதவியாளர் முதலில் விகாத்தா மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2018 ஜூனில் சிரக்கூசாவின் பழைய கிரேக்க அரங்கில், 92 வயதில், கிரேக்கப் புராணத்தின் குருட்டுத் தீர்க்கதரிசி திரேசியாஸாகத் தனியே உட்கார்ந்து கதை சொன்னார். முடிந்தால் ஏதாவது ஒரு சதுக்கத்தில் கதை சொல்லிவிட்டுத் தொப்பியை நீட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்த் தொழிலை முடிக்க ஆசை என்று சொல்லியிருந்தார். அடுத்த வருடம் ஜூலை 15ஆம் தேதி ரோமின் கரகல்லா குளியல் மண்டபச் சிதைவுகளில், பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனாக வருவதாக ஏற்பாடு. ஜூனில் இதயம் நின்று மருத்துவமனைக்குப் போனார். 2019 ஜூலை 17ஆம் தேதி இறந்தார்.

கடைசி மொந்தல்பானோ நாவல் அப்போது பலெர்மோவில் செல்லேரியோவிடம் பத்திரமாக இருந்தது. பெயர் ‘ரிக்கார்தினோ’. எண்பதைத் தொடும்போதே, 2004-05ல் எழுதிக் கொடுத்துவிட்டார். வாஸ்கெஸ் மொந்தல்பானும் பிரான்சின் மார்செய் நகரத்துத் துப்பறியும் நாவலாசிரியர் ழான்-க்ளோத் இஸ்ஸோவும் தங்கள் நாயகர்களை எப்படி முடிப்பது என்று அவரோடு பேசியவர்கள். இருவரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தனக்கும் அப்படி ஆகும் முன் முடிவை எழுதிவிட வேண்டும் என்ற பதற்றம். அந்த நாவலில் ‘ஆசிரியர்’ என்ற ஆள் மொந்தல்பானோவுக்குத் தொலைபேசியில் பேசுகிறார், வழக்கு எப்படிப் போக வேண்டும் என்று இருவரும் சண்டைபோடுகிறார்கள். தொலைக்காட்சியில் தன்னைப்போல் நடிப்பவனைப் பற்றியும் மொந்தல்பானோவுக்கு எரிச்சல். முடிவைச் சொல்ல மாட்டேன்.

2016ல் கமில்லேரி அந்தப் பிரதியைத் திரும்பக் கேட்டு வாங்கினார். கதையில் கைவைக்கவில்லை. இடைப்பட்ட பத்து வருடத்தில் தன்னுடைய விகாத்தா மொழி வளர்ந்துவிட்டது, பழைய பக்கங்கள் காதுக்கு இத்தாலியமாகக் கேட்கின்றன என்று வரிவரியாக மாற்றினார். 2020 ஜூலையில், அவர் இறந்து ஒரு வருடம் ஆகும் நேரத்தில், செல்லேரியோ நாவலை வெளியிட்டது. 2005, 2016 இரண்டு பிரதிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு தனிப் பதிப்பும் போட்டது. ஒரே கொலை, ஒரே கொலையாளி, இரண்டு முறை. பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தால், தொண்ணூறு வயதுக்காரர் ஒருவர் அப்பாவுக்குச் சொன்ன மாதிரிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போகப் பார்ப்பது சொல்லுக்குச் சொல் தெரிகிறது.